கண்டி இந்திய அலுவலகம் இந்திய மண்ணா?

தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: “கண்டியில் இருக்கிற இந்திய அலுவலகத்துக்குள் கால் வைத்தால் அது இந்திய மண் என்று எங்கள் அப்பாயி சொல்வார். உண்மையா? அதற்குள் ஒரு பிள்ளை பிறந்தால் அது இந்தியப் பிள்ளையா? பொலிஸ்கூட உள்ளே போக முடியாதாமே? தாத்தாவுக்கு எழுபதுகளில் அங்கே கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. ஆனால் அவர் கடைசி வரை இந்தியாவுக்குப் போகவில்லை. அதை வைத்து எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?”

கேள்விகள் நான்காக இருந்தாலும், தம்பி தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டடத்துக்கும் தன் குடும்பத்துக்கும் சட்டத்தில் என்ன உறவு என்று கேட்கிறார். ஹட்டனில் சட்டத்தரணியாக இருந்து பிரஜாவுரிமைக் காகிதங்களோடு பல வருடம் போராடியவன் என்ற முறையில் எழுதுகிறேன். சர்வதேசச் சட்டத்தில் நான் படித்ததையும், இங்கே மேசைக்கு வந்த கோப்புகளில் கற்றதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மண் விஷயம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எந்த நாட்டுத் தூதரகமும் அது நிற்கும் நாட்டின் மண்தான். கொழும்பு காலி வீதியில் உள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயமும், கண்டி ஏரிக்கு மேலே ராஜபிஹில்ல மாவத்தையில் உள்ள உதவி உயர்ஸ்தானிகராலயமும் இலங்கை நிலத்தில்தான் இருக்கின்றன. டெல்லி சாணக்கியபுரியில் நிற்கும் இலங்கை உயர்ஸ்தானிகராலயம் இந்திய நிலத்தில் இருப்பதைப் போலத்தான் இதுவும். தூதரகம் வேறு நாட்டு மண் என்ற எண்ணம் பழைய காலத்து நூல்களில் ஒரு கற்பனைக் கோட்பாடாக இருந்தது. இன்றைய சட்டம் அதைக் கைவிட்டுவிட்டது. தூதரக உறவுகளுக்கான 1961 ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாலும், தூதரகம் அனுப்பிய நாட்டின் ஆள்புலம் என்று ஒரு வரிகூடக் கிடையாது.

இது வெறும் ஏட்டு வாதமில்லை. லண்டனில் உள்ள எகிப்தின் கொன்சல் அலுவலகத்துக்குள் போய் ஒருவர் தன் மனைவிக்குத் தலாக் சொன்னார். அந்த இடம் எகிப்து, ஆகவே இது பிரித்தானியாவுக்கு வெளியே நடந்த விவாகரத்து என்று அவருடைய தரப்பு வாதிட்டது. 1972 இல் ஆங்கிலேய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கொன்சல் அலுவலகம் நிற்பது இங்கிலாந்து மண், அதற்குள் நடந்தது இங்கிலாந்தில் நடந்ததுதான் என்று தீர்ப்பு வந்தது. ரத்வான் வழக்கு என்று சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். பொதுநலவாய நாடுகளில் இந்தக் கேள்வி எழும்போது முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

அப்படியானால் அப்பாயிக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அதற்கும் காரணம் உண்டு. அந்த மண் இலங்கையுடையது என்றாலும், இலங்கை அரசின் கை அதற்குள் நீள முடியாது. 1961 உடன்படிக்கையின் 22 ஆவது உறுப்புரை சொல்வது இதுதான்: தூதரகத் தலைவர் சம்மதிக்காமல் உள்நாட்டு அதிகாரி எவரும் வளாகத்துக்குள் நுழையக் கூடாது. தேடுதல், பறிமுதல், நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்ற ஆள் அனுப்புதல் எதுவும் செல்லாது. அதோடு, வெளியிலிருந்து யாரும் தாக்காதபடி பாதுகாக்க வேண்டிய கடமையும் உள்நாட்டு அரசின் தலையில்தான். வாசலில் இலங்கைப் பொலிஸார் காவல் நிற்பது அதனால்தான். இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க இராஜதந்திரச் சிறப்புரிமைகள் சட்டம் இந்த விதிகளுக்கு உள்நாட்டுச் சட்ட வலுக் கொடுத்தது.

இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதற்கு 1984 ஏப்ரலில் லண்டனில் நடந்ததைச் சொல்லலாம். லிபியத் தூதரகக் கட்டடத்துக்குள்ளிருந்து ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது சுட்டார்கள். வெளியே கடமையில் இருந்த யுவோன் ஃபிளெட்சர் என்ற பெண் பொலிஸ் இறந்துபோனார். சுட்டவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்தும் பொலிஸ் கதவை உடைக்கவில்லை. பதினொரு நாள் சுற்றி நின்றார்கள். பிறகு உறவை முறித்துக்கொண்டு, உள்ளே இருந்தவர்களை நாட்டை விட்டு அனுப்பினார்கள். தன் பொலிஸைக் கொன்றவனைப் பிடிக்க முடியாமல் ஓர் அரசு கைகட்டி நின்றது அநியாயம்தான். ஆனாலும் அன்றைக்கு லண்டனில் கதவை உடைத்திருந்தால், அடுத்த வாரம் வேறு தலைநகரங்களில் பிரித்தானியத் தூதரகக் கதவுகளுக்கும் அதே கதி வந்திருக்கும். எல்லா நாடும் இந்த விதியைப் பொறுத்துக்கொள்வது இந்தப் பயத்தில்தான். மறுபக்கம், 1979 இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றி ஊழியர்களை 444 நாள் வைத்திருந்தபோது, ஈரான் தன் கடமையை மீறியது என்று 1980 இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொலிஸ் நுழைய முடியாது என்பதற்காக உள்ளே இலங்கைச் சட்டம் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நாட்டுச் சட்டங்களை மதித்து நடக்க வேண்டும் என்று அதே உடன்படிக்கையின் 41 ஆவது உறுப்புரை தூதரக ஆட்களுக்குச் சொல்கிறது. நீங்கள் உள்ளே போய் ஒருவரை அடித்துவிட்டு வெளியே வந்தால், கண்டி நீதவான் முன்னால்தான் நிற்பீர்கள். கட்டடத்துக்கு வரி கிடையாது என்பது உண்மை, ஆனால் தண்ணீர், குப்பை அள்ளுதல் போன்ற சேவைகளுக்கான கட்டணத்துக்கு அந்த விலக்கு இல்லை. உள்ளே ஓடிப்போய் ஒளிந்தால் தப்பலாம் என்பதும் நம்பக்கூடிய கதை அல்ல. விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்ச் 2012 முதல் லண்டனில் எக்குவடோர் தூதரகத்துக்குள் இருந்தார். 2019 ஏப்ரலில் எக்குவடோர் கையை விரித்ததும், அவர்கள் அழைத்தே பொலிஸ் உள்ளே போய் அவரை வெளியே கொண்டுவந்தது. பாதுகாப்பு கட்டடத்தை வைத்திருக்கும் அரசுக்கு உரியது, அடைக்கலம் தேடி வருகிறவருக்கு அதில் தனி உரிமை கிடையாது.

பிள்ளை விஷயத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அந்த வரவேற்பறையில் ஒரு பிள்ளை பிறந்தால், இலங்கையில் பிறந்த பிள்ளைதான். பிறப்பு இலங்கைப் பதிவாளரிடம்தான் பதியப்படும். இலங்கைச் சட்டத்தில் பிறந்த இடம் மட்டும் பிரஜாவுரிமை தராது. தாய் அல்லது தகப்பன் இலங்கைப் பிரஜையா என்றுதான் பார்ப்பார்கள். இந்தியச் சட்டமும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரின் குடியுரிமையைத்தான் பார்க்கிறது. இதற்கு எதிர் உதாரணமாக நெதர்லாந்து இளவரசி மார்கிரீட் கதையைச் சொல்வார்கள். 1943 இல் ஒட்டாவா மருத்துவமனையில் அவர் பிறந்த அறை நெதர்லாந்து மண்ணாக மாற்றப்பட்டது என்று. நடந்தது வேறு. பிறந்த பிள்ளைக்குக் கனடாவில் பிறந்ததால் வரும் பிரித்தானியப் பிரஜை நிலை ஒட்டாமல் இருக்க, அந்த அறைகளைக் கனடா அரசு தன் சட்ட எல்லையிலிருந்து விலக்கி வைத்தது. நெதர்லாந்துக் குடியுரிமை தாய் வழியாக வந்தது.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத இடத்துக்கு வருகிறேன். கொழும்பில் இருப்பது முழுத் தூதரகம். பொதுநலவாய நாடுகளுக்குள் அதை உயர்ஸ்தானிகராலயம் என்கிறோம், அவ்வளவுதான். தலைநகருக்கு வெளியே இருக்கும் அலுவலகங்கள் பெரும்பாலும் விசா, கடவுச்சீட்டு, பதிவு போன்ற கொன்சல் வேலை செய்பவை. அவற்றுக்கு 1963 இல் தனி வியன்னா உடன்படிக்கை வந்தது. அதில் பாதுகாப்பு ஒரு படி குறைவு. அலுவலக வேலைக்கென்றே பயன்படும் பகுதிக்குள் மட்டும்தான் அனுமதியின்றி நுழையக் கூடாது. தீப்பிடித்தால் சம்மதம் கிடைத்ததாக எடுத்துக்கொண்டு தீயணைப்புப் படை உள்ளே போகலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. முழுத் தூதரகத்துக்கு அந்தச் சலுகைகூட இல்லை, எரிந்துகொண்டிருந்தாலும் கேட்டுத்தான் போக வேண்டும். அதே நேரம் 1961 உடன்படிக்கையின் 12 ஆவது உறுப்புரைப்படி, உள்நாட்டு அரசு வெளிப்படையாகச் சம்மதித்தால், தலைநகருக்கு வெளியேயும் தூதரகத்தின் ஒரு பாகமாகவே அலுவலகம் வைக்கலாம். கண்டி அலுவலகம் இந்த இரண்டில் எதன் கீழ் வரும் என்பது இரண்டு அரசுகளுக்கும் இடையிலான ஏற்பாட்டைப் பொறுத்தது. பெயரை வைத்து மட்டும் முடிவு சொல்வது சரியில்லை. எப்படியானாலும் உள்ளே இருக்கும் கோப்புகளை யாரும் தொட முடியாது என்பதில் இரண்டு உடன்படிக்கைக்கும் வேறுபாடு இல்லை.

கண்டியில் ஏன் என்று தம்பி கேட்கவில்லை. ஆனாலும் நம் மலையகத் தமிழருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு முன்பே, கொழும்பில் உயர்ஸ்தானிகராலயம் என்ற ஒன்று வருவதற்கும் முன்பே, கண்டியில் இந்திய அலுவலகம் இருந்தது. இந்தியாவில் 1922 இல் குடியகல்வுச் சட்டம் வந்தது. அதன்படி தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களின் நிலையைப் பார்க்க ஓர் அரசப் பிரதிநிதி வேண்டும் என்று 1923 இல் ஏஜன்ட் என்ற பதவியோடு கண்டியில் அலுவலகம் திறந்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த நகரம் கண்டி என்பதால்தான் இங்கே வைத்தார்கள். ஏஜன்டின் வேலை தோட்டம் தோட்டமாகப் போவது, சம்பளம், அரிசி, லயம் என்கிற வரிசை வீடு, கடன் எல்லாவற்றையும் பார்த்து வருடாந்தர அறிக்கை எழுதுவது. அந்தப் பதவியில் இருந்தவர்களில் ஒருவர் கே.பி.எஸ். மேனன். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளர் ஆனவர் அவர்தான். முதல் உயர்ஸ்தானிகராக 1947 இல் கொழும்புக்கு வந்த வி.வி. கிரி, பிறகு இந்தியாவின் குடியரசுத் தலைவரானார். யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் இந்தியக் கொன்சல் அலுவலகங்கள் திறக்கப்பட்டது 2010 இல்தான். நம் கூலிப் பாட்டன்மாரின் முறைப்பாட்டைக் கேட்க ஆரம்பித்த அலுவலகம் அவற்றை விட எத்தனையோ தலைமுறை மூத்தது. இதைப் பெருமையோடு சொல்கிறேன்.

அதே அலுவலகம் பிற்காலத்தில் நம்மைப் பிரித்து அனுப்பும் வேலையையும் செய்ய வேண்டி வந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தின் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று வகுத்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நம்மைக் கேட்காமல் நம்மைப் பங்குபோட்ட கணக்கு அது. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இந்திய அதிகாரிகள் குடியுரிமையைப் பதிந்து கடவுச்சீட்டுக் கொடுத்தார்கள். தம்பியின் தாத்தாவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். இங்கேதான் கவனிக்க வேண்டியது வருகிறது. தாத்தா இந்தியர் ஆனது அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததால் இல்லை, பதிவேட்டில் பெயர் ஏறியதால். வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர், அந்த நாட்டில் உள்ள இந்தியப் பிரதிநிதியிடம் பதிந்துகொண்டால் இந்தியக் குடிமகனாகலாம் என்று இந்திய அரசியலமைப்பின் 8 ஆவது உறுப்புரை சொல்கிறது. 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்திலும் பதிவின் மூலம் குடியுரிமை பெறும் வழி இருக்கிறது. அப்பாயி தன் வாழ்க்கையில் கண்டது, அந்த வாசலுக்குள் நாடில்லாதவராகப் போனவர் ஒரு நாட்டுக்காரராக வெளியே வந்ததை. அது இந்திய மண் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை.

பாஸ்போர்ட் வாங்கியவர்கள் பலர் தலைமன்னார் வரை ரயிலில் போய்க் கப்பல் ஏறினார்கள். அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று நம் ஊரில் சொன்னார்கள். போனவர்களில் ஒரு பகுதி நீலகிரியில், தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தது. எண்பதுகளின் நடுவில் போர் காரணமாகக் கப்பல் நின்றபோது, கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கேயே தங்கிப்போனவர்கள் பல்லாயிரம் பேர். காகிதத்தில் இந்தியர், வாழ்க்கையில் தோட்டத்துக்காரர் என்று அவர்கள் இருந்தார்கள். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம்தான் இதற்கு முடிவு கட்டியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வரும் இந்திய வம்சாவளியினருக்கும், இங்கே வசிக்கும் அவர்களுடைய சந்ததிக்கும் அது இலங்கைப் பிரஜாவுரிமை கொடுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் இலங்கைப் பிரஜையாக விரும்புகிறோம் என்று ஒரு பிரகடனம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, அந்தப் பழைய பாஸ்போர்ட்டுக்கு இன்று என்ன பெறுமதி? பயண ஆவணமாக ஒன்றும் இல்லை, எப்போதோ காலாவதியாகிவிட்டது. தம்பியின் தகப்பனாரும் தம்பியும் இலங்கை அடையாள அட்டையோடு இலங்கைப் பிரஜைகளாக இருந்தால், அந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டி இந்தியப் பிரஜாவுரிமை கேட்க முடியாது. சொந்த விருப்பத்தில் வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும், இந்தியா இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்பதும் இல்லை. ஆனால் வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டை என்ற ஒன்று இருக்கிறது. 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்த ஒருவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை அதற்கு விண்ணப்பிக்கலாம். தாத்தாவின் பாஸ்போர்ட் அதற்கு நேரடிச் சாட்சி. பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் தடுமாறுகின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் அது இருக்கிறது, தம்பி. அந்த அட்டை வாழ்நாள் விசா மாதிரி. வாக்குரிமை கிடையாது, அங்கே விவசாயக் காணி வாங்க முடியாது, பொதுவாக அரச வேலையும் இல்லை. அது பிரஜாவுரிமை அல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படுமா என்று கோப்பைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. சொல்கிற தரகர் யாராக இருந்தாலும் அவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

என் அனுபவத்தில் இந்தக் கோப்புகள் சறுக்குவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் முத்தையா த/பெ ராமசாமி என்று இருக்கும். மகனின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முத்தன் என்று இருக்கும். தோட்டத்துக் கிளாக்கர் சொன்னபடி பதிவாளர் எழுதியது அது. ஆங்கில எழுத்துக்கு வரும்போது ஒரே பெயர் மூன்று விதமாக மாறிவிடும். இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சில நேரம் போதும், பல நேரம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முதலில் தாத்தா, தகப்பனார், நீங்கள் என்று மூன்று தலைமுறைக்கும் பிறப்பு, விவாகப் பதிவுகளின் உறுதிப்படுத்திய பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுத்து ஒன்றாக வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் பதிவாளர் வழியாகத் திருத்த முடியுமா என்று பாருங்கள். சத்தியக்கடதாசி அதற்கு அப்புறம்தான்.

பாஸ்போர்ட்டை லெமினேட் செய்யாதீர்கள், பக்கங்களை ஒட்டவும் வேண்டாம். எல்லாப் பக்கத்தையும் நிழற்பிரதி எடுங்கள், வெற்றுப் பக்கத்தையும் சேர்த்து. அந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டில் பிள்ளைகளின் பெயரும் பிறந்த திகதியும் எழுத ஓர் இடம் இருக்கும். உங்கள் தகப்பனாரின் பெயர் அங்கே இருந்தால், தாத்தாவுக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. அப்படியே தாத்தா பிறந்த இடம் என்ற வரியையும் பாருங்கள். இலங்கைத் தோட்டத்தின் பெயர் இருந்தால் அந்தப் பகுதிப் பதிவேட்டில் தேடலாம். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஊர்ப் பெயர் இருந்தால், அதைத் தனியே ஒரு தாளில் எழுதி, மூலப் பிரதியை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, நிழற்பிரதிகளோடு மட்டும் கண்டிக்குப் போங்கள்.